ஓரத்து முகம்

அகல்கோண வில்லையில் ஓரக்கதிர்கள் மிகச் சாய்ந்து புகுதலின், ஒரு புள்ளியிற் கூடாது சிதறும். பிம்பமும் தட்டையாய் அமையாது கிண்ணம்போல் வளையும். ஒளியும் அங்குக் குன்றும். பெர்லின் நகரத்துக் கெர்ட்ஸ் நிறுவனத்தார் 1900ஆம் ஆண்டு வெளியிட்ட ஹைப்பர்கான் என்னும் வில்லையின் முன்னர், விண்மீன் வடிவத் தகடொன்று காற்றூதிச் சுழற்றப்பட்டு, நடுவொளியை மட்டுப்படுத்திற்று. ஓரத்திற்காக இத்துணைப் பாடுபட்டோர் எம் வணக்கத்திற்குரியர்.

எம் பாட்டனார்க்கு எஞ்சிய ஒரே படம் ஒரு குழுப்படம். நடுவில் அமர்ந்தோரின் மீசைமயிரை எண்ணலாம். ஓரத்தில் நின்ற அவர் கண்களோ கலங்கியுள்ளன. கணினி அவற்றைத் தெளிவாக்கும் என்றனர் நண்பர். அது தருவன பிறர் பல்லாயிரவர் கண்களைக் கண்டு புனைந்த கண்களே. யாம் அவற்றை வேண்டிலேம். திருத்தாமலே பெரிதாக்கிப் பாட்டியாரிடம் கொடுத்தோம். நெடிது நோக்கியவர், “சட்டைப் பொத்தான் நான் தைத்தது” என்றார்.