ஆறு புள்ளிச் சுவர்



வளைகுடாவில் உழைத்து ஊரில் வீடு கட்டிய தந்தையர் பலர், அந்த வீடு எழும்பியபோது அருகில் இருந்ததில்லை. அஸ்திவாரம் தோண்டிய நாளும், நிலை வைத்த நாளும், தளம் வார்த்த நாளும் அவர்களுக்குக் கடிதத்தின் வழியாகவே தெரிய வந்தன. பணம் அனுப்புபவர் கடலுக்கு அப்பால் இருந்தார். அதில் வாழப் போகிறவர்கள் ஊரில் இருந்தார்கள். எந்தச் சுவர் எங்கே எழ வேண்டும் என்பதை இருவருக்கும் இடையே நின்ற மேஸ்திரி முடிவு செய்தார். எங்கள் வீட்டில் அந்த இடைவெளிக்குள் ஒரு கணினி புகுந்தது. அதிலிருந்த மிக எளிய ஓவியச் செயலி ஒன்று செய்த உதவியை இன்றைய குடும்பங்களும் அறிந்துகொள்வது நலம் என்றெண்ணி இதை எழுதுகிறோம்.

1996இல் துபாயிலிருந்து விடுமுறையில் வந்த வாப்பா, இரண்டு அட்டைப் பெட்டிகளில் அந்தக் கணினியைக் கொண்டு வந்தார். 486 வகைச் செயலி, 8 எம்.பி. நினைவகம், 14 அங்குலத் திரை, விண்டோஸ் 3.1. காயல்பட்டினத்தில் எங்கள் தெருவுக்கு அது புதுமை. பிள்ளைகள் மூவரும் கணினி கற்றுக் கரையேற வேண்டும் என்பதே வாப்பாவின் நோக்கம். கற்பிக்க ஆளில்லாத வீட்டில், கையேடு படிக்காமலே எங்களுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான்: பெயின்ட்பிரஷ்.

திரையில் ஓவியம் தீட்டும் இந்த வசதி அதற்கு முன்பே இரு தலைமுறைகளைக் கடந்து வந்திருந்தது. 1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ரிச்சர்டு ஷூப் உருவாக்கிய சூப்பர்பெயின்ட் இதன் முன்னோடிகளுள் ஒன்று. 1984இல் மேக்கின்டோஷ் கணினியுடன் பில் அட்கின்சன் எழுதிய மேக்பெயின்ட் வந்தது. அது கறுப்பு, வெள்ளை என்னும் இரண்டை மட்டுமே அறியும். 1985இல் வெளியான முதல் விண்டோஸிலேயே பெயின்ட் என்னும் செயலி இருந்தது. 1990இல் வந்த விண்டோஸ் 3.0 அதற்குப் பதிலாகப் பெயின்ட்பிரஷைத் தந்தது. எங்கள் திரை காட்ட வல்ல நிறங்கள் 16. அகலத்தில் 640 புள்ளிகள், உயரத்தில் 480. அந்தப் புள்ளிகளுக்குள்தான் எல்லாம்.

முதல் சில வாரங்கள் மாடுகளும் குதிரைகளும் வரைந்தோம். உயிருள்ளவற்றின் உருவங்களை வரையலாகாது என்பதில் உம்மம்மா உறுதியானவர். "மரம் வரைங்க, பூ வரைங்க, கப்பல் வரைங்க. உசுரு உள்ளது வேணாம்" என்றார். எங்களுக்கு அது தடையாகத் தோன்றவில்லை. அந்தச் செயலியின் இயல்போடும் அது பொருந்தியே வந்தது. ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு கோடு இழுத்தால் கோடு பிசகாமல் கிடையாகவோ, செங்குத்தாகவோ, 45 பாகைச் சாய்விலோ செல்லும். ஒரு சதுரத்தின் மேல் சாய்ந்த சதுரம் ஒன்றை வரைந்தால் எட்டு முனை நட்சத்திரம். அதன் கால் பகுதியைப் பிரதியெடுத்துக் கிடையாகவும் நெடுக்காகவும் புரட்டி ஒட்டினால் பள்ளிவாசல் சன்னல்களில் காணும் பின்னல். அளந்து வரையும் பழக்கம் எங்களுக்கு அங்கிருந்துதான் வந்தது.

அவ்வாண்டின் இறுதியில் வீட்டு வேலை பற்றிய பேச்சு வந்தது. ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, முப்பது அடி அகலமும் ஐம்பது அடி நீளமும் கொண்ட அதே மனையில் புதுவீடு கட்டுவது என்று முடிவாயிற்று. மேஸ்திரி ஒருவர் காகிதத்தில் வரைபடம் போட்டுக் கொடுத்தார். அதன் நகலை அஞ்சலில் பெற்ற வாப்பாவும் சரியென்று எழுதிவிட்டார். அந்தப் படத்தில் பின்வாசல் இல்லை. அது இருந்த இடத்தில் சாமான் அறை ஒன்று இருந்தது. இடம் வீணாகாமல் ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கும் என்பது மேஸ்திரியின் கணக்கு.

எங்கள் ஊரை அறிந்தவர்களுக்கு முடுக்கு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வீடுகளின் பின்புறமாக ஓடும் குறுகிய சந்து அது. பெண்கள் தெருவுக்கு வராமலே ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சென்றுவர அதுவே வழி. குழந்தை பிறந்த செய்தியும் மய்யித்துச் செய்தியும் ஆண்களை எட்டுவதற்கு முன் முடுக்கின் வழியே பெண்களை எட்டிவிடும். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த உம்மம்மா, அஸர் தொழுதுவிட்டு அந்த வாசல் வழியே நான்கு வீடு தள்ளியிருந்த தம் தங்கையிடம் நாள்தோறும் செல்வார். மஃரிபுக்கு முன் திரும்புவார். பின்வாசல் அடைபட்டால் அவர் தெருவைச் சுற்றிச் செல்ல வேண்டும். சுற்றிச் செல்ல மாட்டார், போவதையே நிறுத்திவிடுவார் என்பது உம்மாவுக்குத் தெரியும்.

இதை வாப்பாவிடம் சொல்வது எளிதாக இல்லை. ஐ.எஸ்.டி. பூத்தில் கடிகாரம் போல் ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்தபடி பேசும் மூன்று நிமிடங்களில், உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி என்று கேட்பதற்குள் பணம் கரைந்துவிடும். கடிதத்திலோ, வாசல் எந்தப் பக்கம், சுவர் எந்தப் பக்கம் என்று எழுத எழுதக் குழப்பமே மிஞ்சியது. உம்மா மூன்று முறை எழுதத் தொடங்கி மூன்று முறையும் மடித்து வைத்துவிட்டார். மேஸ்திரியின் காகிதம் நீலக் கோடுகளோடு முறையாக இருந்தது. உம்மாவிடமிருந்ததோ வாய்ச்சொல் மட்டும்.

உம்மாவிடமும் ஒரு படம் இருக்கட்டும் என்று ராத்தாதான் முதலில் சொன்னார். ஓர் அடிக்கு எட்டுப் புள்ளிகள் என்று அளவு வைத்துக்கொண்டோம். மனை 240 புள்ளி அகலம், 400 புள்ளி நீளம் என்றாகித் திரைப்படத்துக்குள் அடங்கியது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சரியாக ஆறு புள்ளிகள். நாலரை அங்குல இடைச்சுவர் மூன்று புள்ளிகள். மூன்றரை அடி நிலை 28 புள்ளிகள். சுட்டி நிற்கும் இடத்தை எண்ணால் காட்டும் வசதி அந்தச் செயலியில் இருந்ததால், அளவுகோல் இல்லாமலே அளக்க முடிந்தது. கோடாக இழுக்காமல், நிறம் நிரம்பிய நீள்சதுரங்களாகவே சுவர்களை எழுப்பினோம்.

பெயின்ட்பிரஷுக்கு ஒரு குணம் உண்டு. 'அன்டூ' என்று கட்டளையிட்டால் கடைசிக் கோட்டை மட்டும் அழிக்காது. ஒரு கருவியைக் கையிலெடுத்ததிலிருந்து அதனால் செய்த அனைத்தையும் அழித்துவிடும். ஆகவே ஒவ்வொரு சுவருக்கும் பின் அதே கருவியை மீண்டும் ஒருமுறை சொடுக்குவதை வழக்கமாக்கினோம். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊராதலால் ஒவ்வொரு சுவரையும் சேமித்துக்கொண்டே சென்றோம்.

அறைகளுக்கு நிறம் நிரப்பும்போதுதான் உம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் அமர்ந்தார். வண்ண உருளைக் கருவி விந்தையானது. ஓரிடத்தில் ஊற்றினால் எல்லை தட்டும்வரை நிறம் பரவும். வீடு என்றால் வாசல்கள் உண்டல்லவா? முன்னறையில் ஊற்றிய மஞ்சள், நிலைகளின் வழியே எல்லா அறைகளிலும் புகுந்து, பின்வாசலைக் கடந்து முடுக்கு முழுவதும் ஓடியது. ஒவ்வொரு வாசலிலும் ஒற்றைப் புள்ளிக் கனத்தில் ஒரு கோடிட்டு அடைத்தால்தான் அறைக்கொரு நிறம் நிற்கும். அந்த மஞ்சள் ஓடுவதைப் பார்த்த உம்மா, "காத்தும் இப்படித்தானே வரும்" என்றார். பிறகு மேஸ்திரியின் படத்தையும் அதே அளவில் வரையச் சொல்லி, அதிலும் மஞ்சளை ஊற்றச் சொன்னார். நிறம் சமையலறைச் சுவரில் முட்டி நின்றது. அடுப்படிக்குப் பின்னே திறப்பே இல்லை என்பதை, காகிதத்தைப் பலமுறை பார்த்திருந்த நாங்கள் எல்லாருமே அப்போதுதான் கண்டோம்.

அதன்பின் உம்மாவின் பேச்சு மாறியது. "எனக்கென்ன தெரியும், அவங்க பார்த்துக்குவாங்க" என்று இருந்தவர், "அடுப்படியைக் கிழக்கால தள்ளும்மா", "இந்த நடை ரொம்ப ஒடுக்கம், ஒரு கட்டில் போகாது" என்று அளந்து பேசினார். பழைய வீட்டின் நடையை முழக்கயிறு கொண்டு அளந்து வந்து ஒப்பிட்டார். உம்மம்மா திரைக்கு அருகில் வரவில்லை. தம் அறையிலிருந்து ஒளுச் செய்யும் இடத்துக்கு எத்தனை படி ஏறி இறங்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். இரண்டு என்றோம். ஒன்று போதாதா என்றார். ஒன்றாக்கினோம். ஒரு வாரத்தில் இரண்டு படங்கள் ஆயத்தமாயின: மேஸ்திரியின் வீடு ஒன்று, உம்மாவின் வீடு ஒன்று.

16 நிறப் படம் ஒன்றின் அளவு 153,718 பைட்டுகள். ஒரு ஃபிளாப்பியில் ஒன்பது படங்கள் அடங்கும். துபாய் திரும்பிக்கொண்டிருந்த அண்டைவீட்டுக் காக்காவிடம் மாசியோடும் ஊறுகாயோடும் ஃபிளாப்பியையும் கொடுத்தனுப்பினோம். தேராவில் வாப்பா கணக்கெழுதிய கடையில் ஒரு கணினி இருந்தது.

ஐந்து வாரங்களுக்குப் பின் வேறொருவர் கையில் அந்த ஃபிளாப்பி திரும்பி வந்தது. உம்மாவின் படத்தின்மேல் சிவப்பு நிறத்தில் வாப்பா வரைந்திருந்தார். சுட்டியைப் பிடித்துப் பழகாத கை என்பது அந்தக் கோடுகளின் நடுக்கத்திலேயே தெரிந்தது. பின்வாசலைச் சுற்றி ஒரு வட்டம். தமிழ் எழுத்துரு இல்லாததால் ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதியிருந்தார்: "இந்த வாசல் இருக்கட்டும். சாமான் அறை வேண்டாம்." முன்பக்கத்தில், நாங்கள் வெறுமையாக விட்டிருந்த இடத்தில், கோணலாக ஒரு நீள்சதுரம். அதனருகில்: "இங்கே ஒரு திண்ணை. நான் வந்தால் உட்கார."

உம்மா அந்த வரியை எங்களைப் படித்துக் காட்டச் சொன்னார். பிறகு இன்னொரு முறை படிக்கச் சொன்னார். வேறெதுவும் சொல்லாமல் எழுந்து சென்றுவிட்டார்.

மேஸ்திரிக்குக் கொடுப்பதற்காக அந்தச் சிவப்பை நீக்க வேண்டியிருந்தது. தேர்ந்தெடுத்த ஒரு நிறத்தை மட்டும் மாற்றி, மற்றவற்றைத் தொடாமல் விடும் அழிப்பான் ஒன்று அந்தச் செயலியில் உண்டு. பிரதியொன்றில் அதைக் கொண்டு வாப்பாவின் கையெழுத்தைத் துடைத்து, திண்ணையை அளவாக வரைந்தோம். ஆறடி நீளம், 48 புள்ளிகள். சிவப்புக் கோடுகள் உள்ள படத்தை அப்படியே வைத்துக்கொண்டோம். மேஸ்திரி முதலில் முகம் சுளித்தாலும், அளவுகள் பிசகின்றி இருந்ததைக் கண்டு ஏற்றுக்கொண்டார்.

1998இல் வீடு முடிந்து வாப்பா விடுமுறையில் வந்தார். யாரும் வழி காட்டாமலே அறை அறையாக நடந்து, சமையலறையைக் கடந்து, பின்வாசலைத் திறந்து முடுக்கை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். தாம் காணாமல் கட்டிய வீட்டில் அவர் விருந்தாளியாக நிற்கவில்லை. அறுபது நாளில் விடுமுறை முடிந்தது. அவர் நிரந்தரமாகத் திரும்பி அந்தத் திண்ணையில் அமர இன்னும் ஏழாண்டுகள் பிடித்தன. உம்மம்மா தம் இறுதி நோய் வரை அந்த வாசலைப் பயன்படுத்தினார். இருவரும் இன்று எங்களோடு இல்லை. அல்லாஹ் அவர்களின் கப்ரை விசாலமாக்குவானாக.

இன்று கைப்பேசியிலேயே வீட்டை முப்பரிமாணத்தில் சுற்றிக் காட்டுகிறார்கள். கடலுக்கு அப்பாலிருந்து நேரலையில் தளம் வார்ப்பதைப் பார்க்கிறார்கள். வசதி பெருகியது நன்றே. ஆனால் பளபளப்பான அந்தப் படங்கள் நம்மிடம் வரும்போது பெரும்பாலும் முடிவுகள் எடுக்கப்பட்டுவிட்டன. பார்த்து வியப்பதற்கே அவை அழைக்கின்றன; சுவரைத் தள்ளிவைக்கக் கேட்க யாருக்கும் துணிவு வருவதில்லை. எங்கள் படம் அழகற்றது. ஒரு பிள்ளை வரைந்தது, ஒரு சொடுக்கில் மாற்றக்கூடியது. அதனால்தான் உம்மாவால் அதனோடு வாதாட முடிந்தது. மஷூரா என்று நாம் சொல்லும் கலந்தாலோசனைக்குப் பொதுவான ஒரு பொருள் நடுவில் இருக்க வேண்டும். எல்லாரும் அதைத் தொட்டு மாற்ற இயல வேண்டும்.

வீடு கட்ட எண்ணியிருக்கும் குடும்பத்தாருக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். பொறியாளரின் படம் வந்ததும், உங்கள் பிள்ளைகளிடம் கொடுத்து, கட்டம் போட்ட தாளிலோ கணினியிலோ அதை அளவோடு திரும்ப வரையச் சொல்லுங்கள். வரைந்ததை வீட்டின் மூத்த பெண்மணியின் முன் வைத்து, ஒரு நாளில் அவர் எங்கெங்கே நடக்கிறார் என்று கேளுங்கள். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் கேளுங்கள்.

வஸ்ஸலாம்.