டாஃப்னிக்கு வைத்த பூக்கள்

மால்டா மொத்தமே 316 சதுர கிலோமீட்டர். அங்கே அமைச்சரின் ஊழலை எழுதினால், மறுநாள் கடைத்தெருவில் அவருடைய ஆட்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலீட்சியா அப்படித்தான் எழுதினார், சொந்தப் பெயரில். 2017 அக்டோபர் 16, காரில் குண்டு வைத்துக் கொன்றார்கள்.

எனக்கு ஆறவே ஆறாதது இதற்குப் பிறகு நடந்தது. அவர் மேல் நாற்பதுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் இருந்தன; அவர் இறந்த பின்னும் பல வழக்குகள் குடும்பத்தின் தலையில் விழுந்தன. தலைநகர் வலேட்டாவில் நீதிமன்றத்துக்கு எதிரே அவர் நினைவாக மக்கள் வைத்த பூக்களையும் மெழுகுவத்திகளையும் அரசு ஆட்கள் திரும்பத் திரும்ப அள்ளிப் போனார்கள். மக்களும் சளைக்காமல் மறுபடி வைத்தார்கள். அப்படி அகற்றியது கருத்துரிமை மீறல் என்று 2020இல் நீதிமன்றமே சொன்னது.

உங்கள் ஊர் நிருபர் மேல் இப்படி வழக்குப் பாய்ந்தால், தயவுசெய்து அவரைத் தனியாக விட்டுவிடாதீர்கள்.