அவையேறக் கற்றல்

மதுரையில் பேச்சுக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. 1901இல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச்சங்கம் நிறுவிய நகரம் அது. கோயில் திருவிழாவாயினும் கல்லூரி விழாவாயினும் பட்டிமன்றம் ஒன்று இருந்தால்தான் அங்கு நிகழ்ச்சி நிரல் நிறைவுபெறும். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பேருந்தேறி நகரத்துக்குப் படிக்க வரும் மாணவர் பலர் மேடைப்பேச்சை முதலில் அறிந்தது நூல்களின் வழியே அன்று. ஊர்த் திடலில் மணலில் அமர்ந்து, நள்ளிரவுவரை கேட்ட பட்டிமன்றங்களின் வழியே.

ஆயினும் கேட்டுச் சுவைப்பது வேறு. ஏறி நிற்பது வேறு. பேச்சுப்போட்டிக்குப் பெயர் கொடுக்கும் மாணவர் முதலில் செய்வது, பிறர் எழுதித் தந்த உரையை மனப்பாடம் செய்வதே. அடுக்குமொழி அருவிபோல் கொட்டும். இடையில் ஒரு சொல் நழுவினால் அடுத்த வரி வாராது. நா வறளும், கால் நடுங்கும். இதனைக் கோழைமை என்பது பிழை. அவரிடம் இருந்தது சொற்களின் வரிசை மட்டுமே. அது அறுந்தபின் பற்றிக்கொள்ள ஏதுமில்லை.

பட்டிமன்றத்தில் இம்மனப்பாடம் செல்லாது. முன்னவர் வைத்த வாதத்துக்கு விடை கூறாமல் எவரும் அமர இயலாது. ஆகவே பேசப்போகும் மாணவர் முதலில் கூர்ந்து கேட்கிறார். கையிலுள்ள சிறுதாளில் முழுத்தொடர்களை எழுத நேரமில்லை. மூன்று நான்கு சொற்களைக் குறித்துக்கொள்கிறார். தாம் நம்பாத அணியிலும் பேச நேர்கிறது. எதிர்த்தரப்பின் வலிமையை உணர இதனினும் நல்ல வழி இல்லை. பொய் பேசப் பழக்குவதாகாதா என்று ஐயுறுவாரும் உண்டு. அவ்வையத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. மணிமேகலையின் விழாவறை காதையில் முரசறைவோன், வாதிடுவோரைப் பட்டிமண்டபத்தின் முறையறிந்து ஏறுமாறு அழைக்கிறான். பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுமாறும் அறிவிக்கிறான். வாதமும் பகையும் வெவ்வேறு என்பதை அந்நகரம் அன்றே அறிந்திருந்தது.

சிற்றூர் மாணவரைத் தயங்கச்செய்யும் மற்றொன்று அவர்தம் வட்டாரமொழி. அது மேடைக்கு ஒவ்வாதென அவர்கள் கருதுகின்றனர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய சாலமன் பாப்பையா, அம்மதுரைப் பேச்சுத்தமிழிலேயே நடுவராக இருந்து பெயர் பெற்றார். 2021ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருதும் பெற்றார். திண்ணையில் அமர்ந்து பேசுவதுபோன்ற அவரது நடையைப் போலச்செய்ய முயல்வோர் பலர். அவர் திருக்குறளுக்கு உரை கண்டவர் என்பதை அவர்கள் எளிதில் மறந்துவிடுகின்றனர். அவ்வெளிமைக்கு அடியில் நெடுநாளைய கல்வி இருக்கிறது.

வள்ளுவர் அவையஞ்சாமையை 73ஆம் அதிகாரமாக வைத்தார். அதற்கு முன்னதாக, 72ஆம் அதிகாரமாக, அவையறிதலை வைத்தார். இவ்வரிசை எண்ணத்தக்கது. கேட்போர் யாரென அறியாதவருக்கு அச்சம் நீங்குவதில்லை. தேர்ந்த மாணவர் அரங்குக்கு முன்கூட்டியே வருகிறார்; கடைசி வரிசையில் சிறிதுநேரம் அமர்கிறார்; குரல் அங்குவரை எட்டுகிறதா, சிறுவர் மிகுதியா, முதியோர் மிகுதியா எனப் பார்க்கிறார். பேசும்போது அக்கடைசி வரிசையில் ஒரு முகத்தை நோக்கியே தொடங்குகிறார்.

இத்தனைக்குப் பின்னும் நடுவரின் மணி சிலவேளை பாதிப்பேச்சில் ஒலித்துவிடுகிறது. சொல்லியிருக்க வேண்டிய விடை, ஊர் திரும்பும் பேருந்தில்தான் நினைவுக்கு வருகிறது. மாணவர் சட்டைப்பையிலிருந்து அச்சிறுதாளை எடுத்து, அதன் பின்புறத்தில் குறித்துக்கொள்கிறார்.