ஆளில்லா அறையில் சுழலும் விசிறி

மின்சாரம் கண்ணுக்குப் புலனாகாதது. ஆதலின், அது வீணாவதும் பலர்க்குப் புலனாவதில்லை. ஆயிரம் வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாவது ஒரு யூனிட். எங்கள் இல்லத்துப் பழைய மின்விசிறி 75 வாட் கொள்வது. நாள்தோறும் 10 மணி நேரம் சுழலின், 60 நாளில் 45 யூனிட் செலவாகும். 30 வாட்டில் இயங்கும் புதுவகை விசிறிக்கோ 18 யூனிட்டே போதும். ஆனால், அதன் விலை மிகுதி. ஓய்வூதியம் பெறுவோர் நினைத்தவுடன் வாங்குதல் அரிது. ஆகவே, பொருட்செலவில்லாத வழியையே முதலில் மேற்கொண்டோம். விசிறி அறையைக் குளிர்விப்பதன்று. நம் உடலின் வியர்வையை உலர்த்தியே குளிர்ச்சி தருவது. ஆளில்லா அறையில் அது எவர் வியர்வையை உலர்த்தும்? இவ்வாறு கேட்டதும் என் பெயரன் நகைத்தான். அன்றுமுதல் அறையை விட்டு நீங்கும்போதெல்லாம் விசிறியை நிறுத்துகிறான். நாளொன்றுக்கு 2 மணி நேர வீண்சுழற்சி நின்றால், அப்பழைய விசிறியிலேயே 60 நாளில் 9 யூனிட் எஞ்சும்.