நான்காம் பக்கத்தை வாசித்தீர்களா?



இப்பக்கங்களில் எத்தனையோ சாட்சிகளை நீங்கள் வாசித்திருப்பீர்கள். இம்மாதம் என் குற்றம் ஒன்றை அறிக்கையிடும்படி எழுதுகிறேன். அது ஒரு காரைப் பற்றியது. அந்தக் காரோடு கொடுக்கப்பட்ட ஒரு காகிதத்தைப் பற்றியது.

மும்பையில் ஊழியம் செய்கிற தமிழ்ப் போதகனுக்குப் பிரசங்கமும் ஜெபமும் மாத்திரமே வேலை என்று ஊரில் இருப்பவர்கள் நினைக்கலாம். வங்கிக் கடிதம், பள்ளிக்கூட விண்ணப்பம், மருத்துவமனைச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் என்று ஆங்கிலத்திலும் மராத்தியிலும் வருகிற காகிதங்களை வாசித்துச் சொல்லுவதும் இங்கே ஊழியத்தின் ஒரு பகுதி. திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பிழைப்புக்காக வந்த நம் ஜனங்களில் பலர், "பாஸ்டர் ஐயா பார்த்துச் சொன்னால் போதும்" என்கிற நம்பிக்கையோடு அவற்றைக் கொண்டுவருகிறார்கள்.

அப்படித்தான் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை மாலையில், சயான் கோலிவாடாவில் குடியிருக்கும் நம் சபைச் சகோதரன் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். ஃபிட்டர் வேலை செய்கிறவர். முழங்கால் வலியால் ரயில் நிலையப் படிகளில் ஏற முடியாத தம் தாயாரை ஞாயிறுதோறும் ஆராதனைக்கு அழைத்துவர வேண்டும் என்பதற்காகப் பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஆறு ஆண்டு ஓடிய ஒரு பெட்ரோல் காரை 3,40,000 ரூபாய்க்குப் பேசி முடித்திருந்தார். விற்கிற நிறுவனத்தார், "இன்னும் 14,500 ரூபாய் கட்டினால் ஒரு வருடத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி தருகிறோம். இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் எங்கள் பொறுப்பு" என்று சொல்லி ஒரு ஒப்பந்தத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

"ஐயா, இதைக் கொஞ்சம் வாசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

மறுநாள் பிரசங்கத்துக்கு நான் ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரம் அது. ஒப்பந்தம் ஆறு பக்கம். முதல் பக்கத்தில் இன்ஜின், கியர்பாக்ஸ் என்ற சொற்கள் பெரிய எழுத்தில் இருந்தன. நான் அதை மட்டும் பார்த்தேன். "நல்லதுதான் தம்பி, போட்டுவிடுங்கள்" என்று சொல்லி, காகிதத்தின்மேல் கையை வைத்து ஜெபித்தேன். அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பின்பு சபையார் சூழ்ந்து நிற்க, காரையும் பிரதிஷ்டை செய்தோம். அவருடைய தாயார் முன் இருக்கையில் அமர்ந்து கண்ணீரோடு கர்த்தரைத் துதித்தது இன்றும் என் கண்முன் நிற்கிறது.

2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், பூனாவில் ஒரு கலியாணத்துக்குக் குடும்பமாகப் புறப்பட்டார்கள். கண்டாலா மலைப்பாதையில் ஏறும்போது வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பின்னால் லாரிகள் வரிசையாக வந்தன. ஏற்றத்தைக் கடந்துவிட்டால் நிறுத்திப் பார்க்கலாம் என்று அவர் ஓட்டினார். ஏற்றம் முடியுமுன்னே இன்ஜின் நின்றுவிட்டது. ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாய் வெடித்து, கூலண்ட் முழுவதும் ஒழுகிப்போயிருந்தது. சூட்டில் ஹெட் கேஸ்கெட் போய், சிலிண்டர் ஹெட்டும் வளைந்துவிட்டது. பழுதுபார்க்க 58,000 ரூபாய் என்றார்கள்.

"வாரண்டி இருக்கிறது ஐயா, பயமில்லை" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். பத்து நாட்களுக்குள் நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. ஒரு ரூபாயும் கொடுக்க இயலாது.

அன்று இரவுதான் அந்த ஆறு பக்கங்களையும் முதன்முறையாக வாசித்தேன். நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் எல்லாம் இருந்தது. ரப்பர் குழாய்கள், பெல்ட்டுகள், கிளட்ச் தகடு, பிரேக் பட்டை, பேட்டரி ஆகிய தேயும் பொருட்களுக்கு உத்தரவாதம் இல்லை. உத்தரவாதம் இல்லாத பொருள் கெட்டு, அதனால் உத்தரவாதமுள்ள பாகம் கெட்டாலும் பொறுப்பு இல்லை. எச்சரிக்கை விளக்கோ முள்ளோ காட்டிய பின்பும் வண்டியை ஓட்டினால் பொறுப்பு இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் குறித்த பணிமனையில் சர்வீஸ் செய்து ரசீது வைத்திருக்க வேண்டும். நம் சகோதரனோ, பணம் மிச்சமாகட்டும் என்று தெரிந்த மெக்கானிக்கிடம் ரசீதில்லாமல் ஆயில் மாற்றியிருந்தார். வாசல்கள் எல்லாம் அடைபட்டிருந்தன.

இந்தத் தேசத்தில் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிற 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் முறையிடலாம். குறை உண்டான நாள்முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை. நாங்களும் 1915இல் முறையிட்டோம். நிறுவனத்தார் அதே நான்காம் பக்கத்தை எடுத்துக்காட்டிப் பதில் எழுதினார்கள். "எல்லாம் எங்கள் பொறுப்பு" என்று வாயினால் சொன்னதற்கு எங்களிடம் சாட்சி இல்லை. கையெழுத்திட்ட காகிதமோ அவர்கள் பக்கம் பேசியது.

நான் அவர் வீட்டுக்குப் போய், "தம்பி, நான் வாசிக்காமலே நல்லது என்று சொல்லிவிட்டேன். என்னை மன்னியுங்கள்" என்றேன்.

அவர் பதறிப்போய், "அப்படிச் சொல்லாதீர்கள் ஐயா. நீங்கள் ஜெபித்தீர்களே, அது போதும்" என்றார்.

தேவ பிள்ளைகளே, அவர் என்னைக் கடிந்துகொண்டிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும். அவர் கேட்டது வாசித்துச் சொல்லும்படி. நான் கொடுத்தது ஜெபம். வாசிக்க வேண்டிய இடத்தில் ஜெபித்தேன். என் சோம்பலுக்கு ஜெபத்தை முக்காடாகப் போட்டேன். பழுதுச் செலவில் பாதியை என் கையிலிருந்து பத்து மாதங்களில் கொடுத்துத் தீர்த்தேன். வேண்டாம் என்று பலமுறை தடுத்தார். "இது தர்மமல்ல தம்பி, கடன்" என்று சொன்ன பின்புதான் வாங்கிக்கொண்டார். அந்த மாதங்களில் அவருடைய தாயார் ஆராதனைக்கு வர இயலாதிருந்த ஞாயிறுகளுக்கோ நான் எதைக் கொடுத்து ஈடுசெய்வேன்?

சபையில் இதை நான் அறிக்கையிட்டபோது, மூப்பர் ஒருவர் எழுந்து, "பாஸ்டர், வாரண்டி போடுவதே அவிசுவாசம் அல்லவா? கர்த்தர் காக்கமாட்டாரா?" என்று கேட்டார். நம்மில் பலர் இருதயத்தில் இக்கேள்வி உண்டு. அதற்கு நான் எரேமியா 32ஆம் அதிகாரத்தைத் திறந்தேன்.

பாபிலோன் சேனை எருசலேமை முற்றிக்கை போட்டிருக்கிறது. தீர்க்கதரிசி காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அவ்வேளையில் கர்த்தருடைய வார்த்தையின்படியே ஆனதோத்திலுள்ள நிலத்தைத் தம் பெரிய தகப்பன் குமாரனாகிய அனாமெயேலிடம் வாங்குகிறார். அவருக்குத் தேவனுடைய வாக்குத்தத்தம் இருந்தது. அப்படியிருந்தும் பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார், கிரயப்பத்திரத்தில் கையெழுத்திடுகிறார், சாட்சிகளை வைக்கிறார். முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லிப் பாருக்கிடம் ஒப்புவிக்கிறார். தேவனை நம்பின மனுஷன் பத்திரத்தை அசட்டை பண்ணவில்லை என்பதை இதில் காண்கிறோம்.

ஆகையால் வாரண்டி போடுவதும் போடாமலிருப்பதும் விசுவாசத்தின் அளவுகோல் அல்ல. கட்டுகிற கோபுரத்துக்கு முன்னதாகச் செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கும்படி ஆண்டவர் போதித்தார். அந்தக் கணக்கைப் பார்ப்பதே நம் கடமை. அந்நாள்முதல் நான் கற்றுக்கொண்டவற்றை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

புதிய கார் வாங்குகிறவர்களுக்கு உற்பத்தி நிறுவனமே ஒரு உத்தரவாதம் கொடுக்கிறது. மாருதி சுசுகி 2024 ஜூலை 9 முதல் அதை இரண்டு ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் என்பதிலிருந்து, மூன்று ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டராக உயர்த்தியது. இரண்டில் எது முந்துகிறதோ அதோடு முடியும். நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம் அது முடிந்த பின்புதான் தொடங்கும். அதாவது, நான்காம் ஆண்டுக்காக முதல் நாளிலே பணம் கட்டுகிறீர்கள். மூன்று ஆண்டுகளுக்குள் காரை விற்றுவிடப் போகிறவருக்கு அதனால் பயன் குறைவு. நெடுநாள் வைத்திருக்கப் போகிறவருக்குப் பயன் உண்டு. அந்தத் தொகையைக் கார்க் கடனோடு சேர்த்துவிட்டால் அதற்கும் வட்டி கட்டுகிறீர்கள் என்பதை மறவாதேயுங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். கிபியோனின் குடிகள் அருகிலிருந்து வந்தும் பழைய துருத்திகளையும் தேய்ந்த பாதரட்சைகளையும் காட்டி யோசுவாவை நம்பவைத்தார்கள். அங்கே பழமையின் வேஷம். இங்கே பாலிஷ் போட்ட புதுமையின் வேஷம். வாரண்டிக்குக் கொடுக்கிற பணத்தில் சிறு பங்கை முதலாவது உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்குக் கொடுத்து வண்டியைச் சோதியுங்கள். உற்பத்தி நிறுவனத்தின் உத்தரவாதம் இன்னும் மீதியிருக்கிறதா, அது உங்கள் பெயருக்கு மாறுமா என்று கேளுங்கள். வேறொரு நிறுவனம் வாரண்டி கொடுத்தால், பணம் கொடுக்கப்போவது யார், ஒரு பழுதுக்கு உச்சவரம்பு எவ்வளவு, இன்ஜினைத் திறக்குமுன் யாருடைய அனுமதி வேண்டும் என்று பாருங்கள். எதெதற்குப் பொறுப்பு என்கிற பக்கத்தைவிட, எதெதற்குப் பொறுப்பில்லை என்கிற பக்கத்தை இருமுறை வாசியுங்கள். வாயினால் சொன்ன வாக்குறுதியை எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு சர்வீஸ் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

வாரண்டி வேறு, காப்பீடு வேறு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை மும்பைவாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட வெள்ளத்தில் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் வாரண்டி உதவாது. சாதாரணக் காப்பீட்டிலும், இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பகுதியைச் சேர்த்திராவிட்டால் பெரும்பாலும் பணம் கிடைக்காது. தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடியும் ஸ்டார்ட் செய்யாதேயுங்கள்.

2025ஆம் ஆண்டில் நம் சபையில் இரண்டு குடும்பங்கள் கார் வாங்கின. இரண்டு காகிதங்களையும் மேஜையில் விரித்து, கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து, கடைசி வரி மட்டும் தமிழில் சொன்னேன். புதிய கார் வாங்கிய குடும்பம் நீட்டிக்கப்பட்ட வாரண்டியைப் போட்டது. ஒன்பது ஆண்டு ஓடிய கார் வாங்கிய குடும்பம், விலக்குகளைக் கேட்டபின் வேண்டாம் என்று தீர்மானித்து, அந்தப் பணத்தைப் பழுதுச் செலவுக்கென்று வங்கியில் போட்டது. இரண்டு தீர்மானங்களுக்காகவும் ஜெபித்தேன். இம்முறை வாசித்த பின்பு ஜெபித்தேன்.

முடிவாக ஒரு வார்த்தை. வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் படித்த நாட்களில் 'அர்ரபோன்' என்ற சொல்லைக் கற்றேன். வியாபாரிகளின் சொல் அது. பரிசுத்த ஆவியானவரைக் குறித்துப் பவுல் அதை மூன்று இடங்களில் எழுதுகிறார். நம் வேதத்தில் அது 'அச்சாரம்'. ஊரில் மாடு பிடிக்கும்போதும் நிலம் பேசும்போதும் கொடுக்கிற அதே அச்சாரம். வாரண்டி என்பது, கெட்டால் பார்ப்போம் என்கிற வாக்கு. அதற்கு விலக்குகளும் தவணையும் உண்டு. அச்சாரமோ, பின்பு முழுவதுமாய்க் கொடுக்கப்போவதின் முதற்பங்கு. அது இப்போதே நம் கையில் இருக்கிறது. நமக்கு ஆவியானவரை அச்சாரமாகத் தந்தவர், மறைவான நான்காம் பக்கம் ஒன்றை வைத்திருக்கிறவர் அல்ல. சிலுவை சுமக்க வேண்டும் என்பதையும் உபத்திரவம் உண்டு என்பதையும் முன்னதாகவே வெளிப்படையாய்ச் சொன்னவர் அவர்.

அப்படிப்பட்டவருடைய ஊழியக்காரன், தன்னை நம்பி வந்த சகோதரனுக்கு ஆறு பக்கங்களையும் வாசித்துச் சொல்லியிருக்க வேண்டும். உடன் போதகர்களே, படித்த வாலிபரே, உங்கள் சபையில் ஒருவர் காகிதத்தை நீட்டினால், தயவுசெய்து உட்கார்ந்து வாசியுங்கள். அதுவும் அன்பின் ஊழியமே.

அந்தத் தாயார் இப்போது மறுபடியும் ஞாயிறுதோறும் அதே காரின் முன் இருக்கையில் வருகிறார்கள். கர்த்தருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.