தில்லைக்கு அருகே ஒரு தலைநகரம்

பழம்பெரும் தலைநகர் ஒன்றைக் காண வேண்டுமானால் விடுதி வாடகையும் வாகனச் செலவுமே முதலில் நினைவுக்கு வரும். ஓய்வூதியத்தில் வாழும் முதியோர் பலர் அந்த ஆசையை அத்துடன் விட்டுவிடுகின்றனர். கடலூர், சிதம்பரம் வட்டாரத்து அன்பர்களுக்கு அக்கவலை வேண்டியதில்லை. சுமார் 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக விளங்கிய கங்கைகொண்ட சோழபுரம், காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் தொலைவிலேயே இருக்கிறது.

கடலூரார் திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரரை வணங்கி, சிதம்பரத்துக்குப் பேருந்து ஏறலாம். அங்கிருந்து காட்டுமன்னார்கோயில், மீன்சுருட்டி வழியாக ஜெயங்கொண்டம் செல்லும் பேருந்தா என நடத்துநரிடம் கேட்டு ஏறுதல் நன்று. மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்கு மட்டுமே என்பதால், வெளியூர்ப் பேருந்துக்கான சில்லறையைக் கையில் வைத்திருப்பது நலம். வழியில் முதலாம் பராந்தகன் காலத்து வீராணம் ஏரி. அதனை அடுத்துள்ள காட்டுமன்னார்கோயில், நாலாயிரத்தைத் தொகுத்தளித்த நாதமுனிகள் அவதரித்த தலம். நேரம் இருப்பின் வீரநாராயணப் பெருமாளையும் சேவித்துச் செல்லலாம்.

கங்கை வரை சென்ற வெற்றியின் நினைவாக முதலாம் இராசேந்திரன் எழுப்பிய நகரம் இது. கங்கை நீரைக் கொணர்ந்து அவன் அமைத்த சோழகங்கம் ஏரியை, நீராலான வெற்றித்தூண் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. பெருவுடையார் கோயில் நெடுஞ்சாலையை ஒட்டியே இருப்பதால் ஆட்டோச் செலவும் இல்லை. நுழைவுக் கட்டணமும் கிடையாது. கருவறையில் சுமார் 13 அடி உயர இலிங்கம். கருவூர்த் தேவரின் திருவிசைப்பா பெற்ற தலமும் இதுவே. வடக்குப் படிக்கட்டின் அருகே சண்டேசருக்கு இறைவன் தம் திருக்கரத்தால் மாலை சூட்டும் சிற்பத்தின் முன் சற்று நேரம் அமர்வதே நன்று. தேவியும் உடனிருக்க, குனிந்த தலையுடன் தொண்டர் வீற்றிருக்கும் அந்தப் பணிவு காண்போரையும் கைகூப்ப வைக்கும். பத்து மணிக்குமேல் தளக்கல் காலைச் சுடும், படிகளும் உயரமானவை. விடியற்காலைப் பேருந்தே முதியோருக்கு உகந்தது. கட்டுச்சோற்றைப் புல்வெளி மரநிழலில் உண்ணலாம்.

கோயில் நிற்கிறது, தலைநகர் இல்லை. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளங்களே எஞ்சியுள்ளன. கோயிலின் சுற்றுமதிற் கற்களையும் 1836-ஆம் ஆண்டு வாக்கில் கொள்ளிடத்தில் கீழணை கட்டப் பெயர்த்து எடுத்துச் சென்றனர். நெஞ்சு பொறுக்காத செயல்தான். ஆயினும் அந்த அணையிலிருந்து வடவாறு வழியாகத்தான் வீராணத்துக்கு நீர் வருகிறது. அது ஏரிப்பாசன வயல்களுக்கும், இன்று சென்னையின் குடிநீருக்கும் பயன்படுகிறது. சோழன் மதிலின் கற்கள் சோழர் வெட்டிய ஏரிக்கே நீர் தருவதை எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது?

நண்பகலில் நடை சாத்துமுன் தரிசனம் முடித்துத் திரும்பினால், மாலையில் தில்லை நடராசர் சந்நிதி திறக்கும் வேளைக்குச் சிதம்பரம் வந்து சேரலாம்.