நானூறாவது கார்

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் கொஞ்சம்தான். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று பாக் நீரிணையை ஒட்டிச் சுமார் நாற்பது கிலோமீட்டர். எதிரே இலங்கை மறைத்து நின்றதால், 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமியால் நாகப்பட்டினத்துக்கு நேர்ந்தது இங்கே நேரவில்லை. அங்கே ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். இங்கே 15 பேர். அந்தப் பதினைந்து வீடுகளிடம் போய் ‘நம்ம பக்கம் சேதம் கம்மி’ என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தச் சுனாமிக்கு உலகம் அள்ளிக் கொடுத்தது. அரிசி, துணி, படகு, பணம் எல்லாம் வந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு காரும் இருந்தது. ஃபெராரி என்ஸோ.

பந்தயத் தடத்தின் நுட்பத்தோடு, சாலையில் ஓடுவதற்காகச் செய்த வண்டி அது. கார்பன் ஃபைபர் உடம்பு, பன்னிரண்டு சிலிண்டர், ஆறு லிட்டர் என்ஜின், 660 குதிரைத்திறன். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கற்றதையெல்லாம் அதில் இறக்கியிருந்தார்கள். முதலில் 349 வண்டிதான் என்றார்கள். பிறகு 50 கூட்டினார்கள். 399-உடன் கணக்கை முடித்திருந்த நிறுவனம், சுனாமிக்குப் பிறகு இன்னும் ஒன்று செய்தது. அந்த நானூறாவது காரைப் போப் இரண்டாம் ஜான் பாலுக்குக் கொடுத்தது. அதை விற்றுப் பணத்தைச் சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுங்கள் என்பது அவர் விருப்பம். 2005 ஏப்ரலில் அவர் காலமானார். ஜூனில் வண்டி ஏலம் போனது: 9,50,000 யூரோ. அன்றைய மதிப்பில் சுமார் ஐந்து கோடி ரூபாய்.

கதை அதோடு நிற்கவில்லை. 2015 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் அதே கார் மறுபடி ஏலத்துக்கு வந்தது. பத்து வருஷத்தில் அது இருநூறு கிலோமீட்டர்கூட ஓடியிருக்கவில்லை. விலை 60.5 லட்சம் டாலர், கிட்டத்தட்ட நாற்பது கோடி ரூபாய். பொறுத்திருந்து விற்றிருந்தால் எட்டு மடங்கு தர்மம் செய்திருக்கலாமே என்று கணக்குத் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நான் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ள மாட்டேன். 2005-ல் தார்ப்பாய்க்கு அடியில் பிள்ளைகளோடு கிடந்தவருக்கு அந்த வருஷமே கூரை வேண்டும். வலையும் வல்லமும் போனவருக்கு, மறுபடி கடலுக்குப் போகிற நாள் தள்ளிப்போகத் தள்ளிப்போகக் கடன்தான் ஏறும். பத்து வருஷம் கழித்து வரும் நாற்பது கோடி அவர் வட்டியைக் கட்டாது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடி வந்தால் கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் மொய் விருந்துதான். கறிச்சோறு சாப்பிட்டுக் கைகழுவி வந்தால், பந்தலில் மேசை போட்டு நோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் ஊரையும் பெயரையும் உரக்கச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் எழுதுவார். இன்னொருவர் பணத்தை எண்ணிக் குண்டானில் போடுவார். எது பழைய மொய்க்குத் திருப்பிச் செய்வது, எது புதிதாகச் செய்யும் ‘புதுநடை’ என்று தனித்தனியாக ஏறும். வட்டியில்லாத கடன், திரும்பச் செய்தாக வேண்டும். ஆனால் 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, ஆலங்குடிப் பக்கத்து டீக்கடை ஒன்றில் அதே மொய் விருந்தை நிவாரணத்துக்காக நடத்தினார்கள். டீ குடித்தவர்கள் மனசுக்குப் பட்டதைப் போட்டார்கள். திரும்பி வராத மொய் அது. மூன்றே மாதத்தில், நவம்பர் 16 விடியலில், கஜா புயல் எங்கள் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. பாதிக்கப்பட்டவர்கள் வைத்திருந்த பாக்கியைத் தள்ளுபடி செய்வதாக அந்தக் கடைக்காரர் கடையிலேயே எழுதிப் போட்டார். அவர் தள்ளுபடி செய்த தொகை சிறியதாக இருக்கலாம். அந்த வாரத்தில் அதைச் செய்தாரே, அதைத்தான் நான் அந்தச் சிவப்புக் காருக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.

பெரிய பொருளைப் பொதுவுக்குக் கொடுப்பதும் எங்கள் பக்கம் புதிதல்ல. புதுக்கோட்டையில் கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறவர்கள் நுழைவது ஓர் அரண்மனைக்குள். மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான் 1948 மார்ச் 3-ல் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தவர். அந்த அரண்மனையையும் அரசுக்கு விட்டுக்கொடுத்தார். முதியோர் பென்ஷன் மனுவோடு வரும் பாட்டி இன்று அந்தத் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள்.

ராயவரம், நச்சாந்துபட்டி, அரிமளம் போன்ற நகரத்தார் ஊர்களில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பார்க்கும்போது, உள்ளே என்னென்ன அரிய பொருள்கள் தூசியில் நிற்கின்றனவோ என்று தோன்றும். அப்படிப் பழைய காரோ பந்தயக் காரோ வைத்திருப்பவர் தர்மத்துக்குக் கொடுக்க நினைத்தால், வண்டியை அப்படியே கொண்டுபோய் ஓர் அறக்கட்டளை வாசலில் நிறுத்துவதைவிட விற்றுக் கொடுப்பதே நல்லது. ஆர்சி மாற்றம், இன்ஷூரன்ஸ், கிடைக்காத உதிரிப் பாகம் என்று அது அவர்களுக்குச் சுமையாகிவிடும். பொருளாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிக் கழிவும் கிடையாது. ரொக்கமாக என்றால் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கணக்கில் சேராது. விலை தெரிந்த ஆளை வைத்து மதிப்புப் போட்டு, விற்று, பணத்தைக் காசோலையாகக் கொடுங்கள். விலை ஏறட்டும் என்று அடுத்த புயல் வரை காத்திருக்க வேண்டாம்.